நெட் வரலைன்னா முதலில் பொட்டியைக் கேளுங்க!

"நெட் வரலை" என்பதும் "உடம்பு சரியில்லை" என்பதும் ஒரே ரகம். ஜுரமா, வயிற்று வலியா, நேற்று ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவா, ஒன்றும் தெரியாது. டாக்டரிடம் போனால் நாலு கேள்வியாவது கேட்பார். நெட் விஷயத்தில் நாம் கேள்வியே கேட்பதில்லை. ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்கிறோம், பொட்டியை ரீஸ்டார்ட் செய்கிறோம், அப்புறம் நெட் கம்பெனிக்காரனைத் திட்டுகிறோம். கோளாறு எங்கே என்று பொட்டிக்கே பெரும்பாலும் தெரியும். நாம்தான் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய ஆள் நெட்வொர்க் அடாப்டர். சாதாரண லேப்டாப்பில் இரண்டு இருக்கும். லேன் கேபிள் செருகுகிற ஈதர்நெட் ஒன்று, வைஃபை ஒன்று. (புதிதாக வரும் ஒல்லி லேப்டாப்களில் கேபிள் செருக இடமே இருக்காது. தனியாக யுஎஸ்பி அடாப்டர் வாங்க வேண்டும்.) விண்டோஸ் கீயோடு ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கட்டத்தில் என்-சி-பி-ஏ, ஒரு புள்ளி, சி-பி-எல் என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். எக்ஸ்பி காலத்திலும் இது வேலை செய்தது, விண்டோஸ் 11லும் செய்கிறது. நடுவில் செட்டிங்ஸ் மெனுவை மைக்ரோசாஃப்ட் எத்தனை தடவை கலைத்துப் போட்டாலும் இந்தக் குறுக்கு வழி மட்டும் பிழைத்துக் கிடக்கிறது.

அங்கே ஐகான் சாம்பல் நிறத்தில் 'டிசேபிள்டு' என்று இருந்தால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால் அடாப்டர் முழித்துக்கொண்டுதான் இருக்கிறது, இணைப்புதான் இல்லை. இரண்டும் வேறு வேறு வியாதி. கூடவே புளூடூத், விபிஎன், விர்ச்சுவல்பாக்ஸ் என்று கேள்விப்படாத பெயர்களெல்லாம் வரிசை கட்டி நிற்கும். பயப்பட வேண்டாம், அவை மென்பொருள்கள் போட்டுக்கொண்ட பொய் அடாப்டர்கள்.

பட்டியலில் வைஃபையைக் காணோம் என்றால் டிவைஸ் மேனேஜருக்குப் போக வேண்டும். (ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்தால் வரும்.) 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதை விரித்தால், மஞ்சள் முக்கோணம் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் பிரச்சனை. கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் அணைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த அம்புக்குறி சின்ன விஷயமில்லை. எங்கள் ஹாஸ்டலில் ஒருவனுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போடக் கடைசி நாள். லேப்டாப்பில் வைஃபை பட்டனே மாயமாகிவிட்டது. கடையில் காட்டியிருக்கிறான். "கார்டு போயிடுச்சு தம்பி, மாத்தணும், 1,800 ஆகும்" என்றாராம் கடைக்காரர். 1,800 ரூபாய் இருந்தால் அவன் ஏன் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறான்! என் அறைக்குக் கொண்டுவந்தான். டிவைஸ் மேனேஜரில் கார்டு தன் முழுப் பெயரோடு உட்கார்ந்திருந்தது, பக்கத்தில் அந்த அம்புக்குறி. செத்துப்போன கார்டு தன் பெயரைச் சொல்லி அட்டென்டன்ஸ் கொடுக்காது. ரைட் கிளிக், 'எனேபிள்', முடிந்தது. முந்தின வாரம் அவன் லேப்டாப்பில் யாரோ கேபிள் போட்டு லேன் கேம் ஆடும்போது வைஃபையை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்று ராத்திரியே விண்ணப்பம் போனது. கடைக்காரர் பார்க்காமலே சொன்னாரா, பார்த்துவிட்டும் சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

அடாப்டர் இருக்கிறது, 'கனெக்டட்' என்றும் சொல்கிறது, ஆனாலும் ஒன்றும் திறக்கவில்லையா? கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் கட்டளையை ஸ்லாஷ் ஆல் சேர்த்துக் கொடுங்கள். ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் விஷயம் புரிந்துவிடும். ரூட்டரிடம் முகவரி கேட்டு, பதில் வராமல், பொட்டி தனக்குத்தானே ஒரு கதவிலக்கம் எழுதிக்கொண்டிருக்கிறது. அடுத்து 'டீஃபால்ட் கேட்வே' எண்ணை பிங் செய்யுங்கள். அது ரூட்டர். பதில் வந்தால் உங்கள் பொட்டியும் ரூட்டரும் நலம். பிறகு 8.8.8.8ஐ பிங் செய்யுங்கள். அதுவும் வருகிறது, தளம் மட்டும் திறக்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது டிஎன்எஸ். ரூட்டர் பதில் சொல்லி 8.8.8.8 சொல்லவில்லை என்றால்தான் கம்பெனிக்காரனைத் திட்ட உங்களுக்கு உரிமை. (சில கல்லூரி நெட்வொர்க்குகளில் பிங்கையே தடுத்து வைத்திருப்பார்கள். அங்கே இந்த வைத்தியம் செல்லாது.)

கேபிள்காரர்களுக்கு ஒன்று. ஈதர்நெட் ஐகானை டபுள் கிளிக் செய்தால் 'ஸ்பீடு' என்று ஒரு வரி வரும். ரூட்டரும் லேப்டாப்பும் 1 ஜிபிபிஎஸ் தாங்கக்கூடியவை, ஆனால் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது என்றால் கேபிளைப் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பி. 100க்கு நாலு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100க்குத் தேவையில்லாத கம்பிகளில் ஒன்று அறுந்தால் நெட் வரும், நொண்டிக்கொண்டு வரும். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

ஹாஸ்டல்வாசிகளுக்கு இன்னொரு தலைவலி மேக் முகவரி. பல கல்லூரிகளில் அதைப் பதிவு செய்தால்தான் வைஃபை. விண்டோஸ் 10 முதல் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. நம்மைப் பின்தொடர முடியாதபடி பொய் முகவரி காட்டும். நல்ல விஷயம்தான். ஆனால் அது ஆன் ஆகியிருந்தால் பதிவு செய்த முகவரி ஒன்று, பொட்டி சொல்வது வேறொன்று. கண்டுபிடிப்பது எளிது. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் பொய் முகவரி. செட்டிங்ஸில் அந்த வைஃபைக்கு மட்டும் அணைத்துவிடலாம். ஆண்ட்ராய்டு 10 (2019) முதல் போன்களில் இது தானாகவே ஆன் ஆகியிருக்கும் என்பதால் போனைப் பதிவு செய்கிறவர்கள் முதலில் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

கொஞ்ச நேரம் சும்மா விட்டால் வைஃபை துண்டித்துக்கொள்கிறதா? டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கம் இருந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைத்துக்கொள்ள அனுமதிக்கும் டிக்கை எடுத்துப் பாருங்கள்.

எதுவுமே சரிவரவில்லை என்றால் 'நெட்வொர்க் ரீசெட்' இருக்கிறது. எல்லா அடாப்டரையும் கழற்றி மறுபடி மாட்டிவிடும். வைஃபை பாஸ்வேர்டு, கையால் போட்ட ஐபி, விபிஎன் எல்லாம் திரும்பப் போட வேண்டி வரும். அதனால் அமுக்குவதற்கு முன் ஹாஸ்டல் வைஃபை பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வார்டனிடம் இரண்டாவது தடவை கேட்டால் கொடுப்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை :)