தலையீத்து முயல்

முயல் வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது, ஒரு ஈத்துக்கு எத்தனை குட்டி போடும் என்பதைத்தான். ஆறு, எட்டு, சில சமயம் பத்துகூடப் போடும் என்று பதில் வரும். வருஷத்துக்கு இத்தனை ஈத்து, இத்தனை குட்டி என்று மனக்கணக்கு ஓட ஆரம்பிக்கும். அந்தக் கணக்கு உடையும் இடம் தலையீத்து. முதல்முறை சினையான முயல் ஈனும் பெட்டிக்குள் போடாமல் கம்பித் தரையில் குட்டி போட்டுவிடும். ரோமம் பறிக்காது. பால் கொடுக்க வராது. சில நேரம் குட்டியைக் கடித்தும் வைக்கும். விடிந்து பார்த்தால் விறைத்துப்போன குட்டிகள் கிடக்கும். "பாசமே இல்லாத முயல்" என்று பேர் வைத்து அதைக் கறிக்குத் தள்ளிவிடுபவர்கள் நிறையப் பேர். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது கொடைக்கானல் மேல்மலையில் முயல் வளர்க்கும் ஓர் அக்காவோடு இருந்தபோது எனக்குப் புரிந்தது.

பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் போகும் வழியில் அவர் வீடு. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவு. பனிக்காலத்து இரவில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து நிற்கும் குளிர். மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. செம்மறியோடு முயலும் அங்கே உண்டு. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்ற இனப் பெயர்கள் அதனால் இந்தப் பக்கம் பலருக்கும் பழக்கம். அக்காவின் கொட்டகை வீட்டுக்குப் பின்னால். தகரக் கூரை, காற்றடிக்கும் பக்கம் தார்ப்பாய், உள்ளே இடுப்பு உயரத்தில் கம்பிக் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டிலும் ஓர் அட்டை தொங்குகிறது: சேர்த்த தேதி, சினை பார்த்த தேதி, பெட்டி வைத்த தேதி, போட்ட குட்டி, பிழைத்த குட்டி.

"குட்டி போட்டப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்தா ஒண்ணும் மிஞ்சாது தம்பி. சேர்க்கிற அன்னிக்கே வேலை ஆரம்பிச்சிரும்" என்றார்.

பெண் முயல் ஆறு மாதத்தை ஒட்டி, எடையும் மூன்று கிலோவைத் தாண்டிய பிறகே அவர் ஆணோடு சேர்க்கிறார். நாலு மாதத்திலேயே சேர்த்தால் அதன் உடம்பு வளர்வதா, வயிற்றில் இருப்பது வளர்வதா என்ற போட்டி வந்துவிடும். ஆறேழு மாதம் கடந்தும் சும்மா விட்டு, அடர்தீவனத்தை அள்ளிப் போட்டுக் கொழுக்க வைத்தாலும் ஆகாது. கொழுத்த முயலுக்குக் குட்டி போடுவதே சிரமம். இன்னொரு வழக்கமும் வைத்திருக்கிறார். தலையீத்து முயலை எந்த நாளில் சேர்க்கிறாரோ, அதே நாளில் நாலைந்து ஈத்து கண்ட ஒரு மூத்த முயலையும் சேர்த்துவிடுவார். முயலுக்கு மாட்டைப்போல இத்தனை நாளுக்கொருமுறை பருவம் என்ற கட்டாயம் இல்லை. ஆணோடு சேர்ந்த பிறகு, பத்து மணி நேரம் போலக் கழித்துத்தான் கருமுட்டையே வெளிவருகிறது. அதனால் நாளை நாமே பார்த்து வைத்துக்கொள்ளலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நாளில் ஈனும். புதுசு தடுமாறினால் குட்டிகளை வாங்கிக்கொள்ளப் பழசு தயாராக இருக்கும்.

பன்னிரண்டாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் சினை பார்க்கிறார். ஒரு கை முயலின் பிடரியில், மற்றொன்று அடிவயிற்றில். விரல்களுக்கிடையே கோலிக்குண்டுகள் நழுவுவதுபோல் தட்டுப்பட்டால் சினை. அழுத்தினால் கலைந்துவிடும் என்பதால் தெரியாதவர் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாள். ஈனும் பெட்டியை 28ஆம் நாள் கூண்டுக்குள் வைக்கிறார். முன்பே வைத்தால் அதையே மூத்திரம் பெய்யும் இடமாக்கிக்கொள்ளும். தள்ளிப் போட்டால் கம்பியிலேயே ஈன்றுவிடும். பெட்டி ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம். முன்பக்கத் தடுப்பு அரை அடி உயரம். தாய் எளிதாகத் தாவி ஏறவும், காம்பைக் கவ்விக்கொண்டே வெளியே இழுபடும் குட்டி தடுப்பில் தட்டி உள்ளேயே விழவும் அந்த உயரம் தேவை. அடியில் மரச்சீவல், மேலே காய்ந்த புல். ரம்பத்தூளைப் போட மாட்டார். நைஸான தூள் குட்டிகளின் மூக்கில் ஏறும்.

ஈனும் நேரம் நெருங்கும்போது சுரப்புகள் மாறி, வயிற்றுப்பக்க ரோமம் தானாகத் தளர்கிறது. பழகிய தாய் அதைப் பறித்து மெத்தை போடும். தலையீத்து முயலுக்குச் சில நேரம் இது பிடிபடாது. அதற்காகவே பழைய ஈத்துகளில் மிஞ்சிய சுத்தமான ரோமத்தை வெயிலில் காயவைத்து ஒரு துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறார். ஈன்ற பிறகும் தாய் பறிக்கவில்லையென்றால் காம்பைச் சுற்றியிருக்கும் ரோமத்தை அவரே மெதுவாக எடுக்கிறார். வலிக்காமல் கையோடு வருகிறது. காம்புகளும் குட்டி கண்டுபிடிக்க வசதியாக வெளியே தெரிகின்றன.

நான் அங்கே இருந்தபோது ஒரு சோவியத் சின்சில்லா விடியற்காலையில் ஈன்றது. முதல் ஈத்து. பெட்டிக்குள் ஐந்து குட்டி, வெளியே கம்பித் தரையில் இரண்டு. பூனையும் நாயும் குட்டியை வாயில் கவ்வித் தூக்கும். முயலுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வெளியே விழுந்தது விழுந்ததுதான். தாய் பக்கத்திலேயே நின்றாலும் உள்ளே கொண்டுபோய் விடாது. ரோமமில்லாமல், கண்ணும் காதும் மூடிப் பிறக்கும் ஐம்பது கிராம் உயிர் அந்தக் குளிரைத் தாங்காது. இரண்டும் நீலம் பாரித்துக் கிடந்தன. செத்துவிட்டன என்றே நினைத்தேன்.

அக்கா இரண்டையும் உள்ளங்கையில் எடுத்துப் பொத்தி ஊதினார். வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துணியில் சுற்றி, அதன்மேல் குட்டிகளை வைத்து மூடினார். "சூடு ஏத்திப் பார்க்காம செத்துப்போச்சுன்னு சொல்லக் கூடாது தம்பி" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டியின் பின்னங்கால் வெட்டி இழுத்தது. தோல் மெல்ல மெல்லச் சிவந்தது. பிறகு வாயைத் திறந்து தலையை அப்படியும் இப்படியும் ஆட்டித் தேட ஆரம்பித்தது. இன்னொன்று அசையவே இல்லை. அதை எடுத்துவிட்டு, பெட்டியில் ஈரமான புல்லையும் ரத்தப் பிசுக்கையும் நீக்கி, ஆறு குட்டிகளையும் ஒரே குழியில் நெருக்கி வைத்து ரோமத்தால் மூடினார். நெருங்கிக் கிடந்தால்தான் ஒன்றின் சூடு மற்றொன்றைக் காக்கும்.

அன்று பகல் முழுக்கத் தாய் பெட்டிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புதிதாக வளர்ப்பவர் பதறும் இடம் இது. ஆனால் முயலின் தாய்மையே அப்படித்தான். நாம் வளர்க்கும் முயல் எல்லாம் ஐபீரிய தீபகற்பத்துக் காட்டு முயலின் வழிவந்தவை. அந்தத் தாய் குட்டிகளை வளையில் விட்டு, வாயை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். தன் வாடை பிடித்து எதிரி வரக் கூடாது என்பதற்காக விலகியே இருக்கும். நாளுக்கு ஒருமுறை வந்து மூன்று, நாலு நிமிடம் பால் கொடுக்கும். அவ்வளவுதான். பால் அத்தனை கெட்டி, ஒருநாள் முழுக்கத் தாங்கும். கண் திறக்காத குட்டி அந்தச் சில நிமிடத்தில் காம்பைக் கண்டுபிடிப்பது எப்படி? பாலிலேயே இருக்கும் ஒரு வாசனைப் பொருள் குட்டியைத் தூண்டிக் காம்பைக் கவ்வ வைக்கிறது என்று பிரான்சின் பெனுவா ஷால் குழுவினர் 2003இல் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

ஆகவே தாய் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. குட்டியின் வயிற்றைப் பார்க்க வேண்டும். பால் குடித்த குட்டியின் வயிறு புடைத்து, மெல்லிய தோல் வழியே பால் வெள்ளையாகத் தெரியும். குடிக்காத குட்டி சுருங்கி, தொட்டால் துள்ளித் துள்ளி அலையும். மறுநாள் காலை அந்த ஆறின் வயிறும் ஒட்டியிருந்தது. அக்கா தாயைத் தூக்கி, முதுகைத் தடவிக் கொடுத்து, பெட்டிக்குள் குட்டிகளுக்கு மேலே நிறுத்தி, அசையாமல் பிடித்துக்கொண்டார். முயலின் விலா படபடவென்று அடித்தது. குட்டிகள் கீழே முட்டி மோதிக் காம்பைப் பிடித்து, விட்டு, அடுத்த காம்புக்குத் தாவின. சப்பும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் தாயின் படபடப்பு அடங்கி, அது தானாகவே நின்றது. இப்படி இரண்டு மூன்று நாள் பழக்கினால் பெரும்பாலும் தானே ஏறிக் கொடுக்கத் தொடங்கும் என்றார். பாலாடையில் மாட்டுப்பால் புகட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். தாயிடமே பால் இருக்கும்போது புரையேற வைத்துக் கொல்வானேன்?

முயலுக்குக் காம்பு எட்டு அல்லது பத்து. அதற்குமேல் குட்டி இருந்தாலோ, புதிய தாய்க்குப் பால் போதாவிட்டாலோ, ஈன்ற மூன்று நாளுக்குள் சில குட்டிகளை மூத்த முயலின் பெட்டிக்கு மாற்றுகிறார். அந்தப் பெட்டியின் ரோமத்தைக் கையில் தேய்த்து, குட்டிகளின் மேலும் தடவி, நடுவில் புதைத்துவிடுகிறார். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயம் வீட்டு முயலுக்குப் பெரிதாகப் பொருந்தாது. தினமும் அவர் கையைக் கண்டு பழகியவை அவை.

குட்டியைத் தின்பதற்கும் காரணங்கள் உண்டு. நஞ்சுக்கொடியைத் தின்று சுத்தம் செய்யும்போது பழக்கமில்லாத தாய் குட்டியின் காதையோ காலையோ சேர்த்துக் கடித்துவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் தீர்ந்திருந்தால் தாகம். தீவனத்தில் புரதம் குறைந்திருந்தால் பசி. நாய், எலி வந்தாலோ பட்டாசு வெடித்தாலோ பயம். அதனால் 28ஆம் நாளிலிருந்து கூண்டுமேல் சாக்கு, இரவெல்லாம் தண்ணீர், முயல் மசாலும் வேலிமசாலும் அளவாக அடர்தீவனமும். நாயைத் தள்ளிக் கட்டுகிறார். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளையும் விடுவதில்லை.

முதல் வாரம் தாண்டினால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அதற்குள் குட்டி பிறந்த எடையைப்போல் இரண்டு மடங்காகிவிடும். 10, 12 நாளில் கண் திறக்கும். திறக்காவிட்டால் ஆறவைத்த வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைக்கிறார். மூன்று வாரத்தில் பெட்டியை விட்டு வந்து தாயோடு தீவனம் கடிக்கும். ஐந்தாறு வாரத்தில் பிரிக்கிறார். இத்தனை நாளும் தாயின் மடியைத் தொட்டுப் பார்க்கிறார்; சூடாக, கல்லாக இருந்தால் மடிநோய், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தலையீத்தில் தோற்ற முயலை அவர் கழிப்பதில்லை. அட்டையில் எழுதி வைத்துவிட்டு அடுத்த ஈத்துக்கு வாய்ப்புக் கொடுக்கிறார். மூன்றாம் ஈத்திலும் அதுவே நடந்தால்தான் முடிவெடுப்பார். பெரும்பாலானவை இரண்டாம் ஈத்திலேயே தேறிவிடுகின்றன என்கிறார். இது அவர் கண்ட அனுபவம். பெரிதும் அவரே உண்டாக்கிய அனுபவமும்கூட.

முயல் விற்பவர்கள் லாபக் கணக்கைச் சொல்கிறார்கள், குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்றும் வாக்குக் கொடுக்கிறார்கள். தலையீத்தில் முதல் வாரம் என்ன செய்ய வேண்டும் என்று எத்தனை பேர் சொல்லித் தருகிறார்கள்? கடன் வாங்கி இதில் இறங்கும் பெண்கள் நஷ்டப்படுவது அந்த ஒரு வாரத்தில்தான். முயல் வளர்ப்புப் பயிற்சி எங்கே நடந்தாலும் கூண்டின் அளவையும் தீவன விலையையும் சொல்வதற்கு முன் குட்டியின் வயிற்றைப் பார்க்கவும், தாயைப் பிடித்துப் பாலூட்டவும், விறைத்த குட்டியைச் சூடேற்றவும் கையைப் பிடித்துக் கற்றுத்தர வேண்டும். அதைச் சொல்லித் தருவதற்கு மேல்மலையில் இந்த அக்காவைப்போன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து, உரிய சம்பளம் கொடுத்து, ஆசிரியர்களாக உட்கார வைக்க வேண்டும்.