'நோவுகள்' வந்தாள்!

அகராதியின் துணைகொண்டு ஸ்பானிய மொழி பயிலத் தொடங்கிய நாட்களில் ஒரு பெயர் எம்மைத் திடுக்கிடச் செய்தது. 1936ஆம் ஆண்டு மூண்ட ஸ்பானிய உள்நாட்டுப் போரிலே தம் பேச்சாற்றலாற் புகழ்பெற்ற டொலோரெஸ் இபாருரி அம்மையாரின் வரலாற்றை அப்பொழுது படித்துக்கொண்டிருந்தோம். 'டொலோரெஸ்' என்பதன் பொருள் யாதோவென்று அகராதியைப் புரட்டினோம். 'நோவுகள்' என்றிருந்தது! பெற்ற மகளுக்கு இப்படியும் பெயரிடுவரோ என்று மனம் வருந்தினோம்.

அவ்வருத்தம் வேண்டாததென்று பின்னரே அறிந்தோம். முழுப்பெயர் 'மரியா டெ லொஸ் டொலோரெஸ்'. அதாவது வியாகுல மாதா. எம்மவருட் கத்தோலிக்கர் சிலர் 'வியாகுலம்' என்று பெயரிடுவதும் அவ்வன்னையை நினைந்தே. நாளடைவில் மரியா உதிர, டொலோரெஸ் நின்றது. அதுவும் செல்லமாய்க் குறுகி 'லோலா' ஆயிற்று. லோலா என்றழைக்கும் தாயின் நாவில் நோவும் இல்லை, மாதாவும் இல்லை. குழந்தைக்கு இது நன்மையே என்பது எமது எண்ணம். ஆயினும், வேண்டுதலோடு அப்பெயரை முதலில் இட்ட பாட்டியின் நினைவும் அம்மறதியிலே கரைந்துவிடுகிறதே!

பொருள் போய்விட்டதென்பதற்கு இலக்கணமே சாட்சி. டொலோரெஸ் என்பது சொல்லளவிற் பன்மை. ஆனால் அப்பெண் வந்தால், ஸ்பானியர் வினையை ஒருமையிலேதான் கூறுவர். 'நோவுகள் வந்தாள்' என்று நாம் சொல்வதை ஒக்கும் இது! தூண் எனப் பொருள்படும் 'பிலார்', ஆறுதல் எனப் பொருள்படும் 'கொன்சுவேலோ' ஆகிய இரண்டும் அம்மொழியில் ஆண்பாற் சொற்கள், பெயரானதும் பெண்களாகிவிடுகின்றன. சரகோசா நகரத் தேவாலயத்திலே தூணின்மீது நிற்கும் மாதாவே பிலாருக்கு மூலம். குடும்பப் பெயர்களும் இவ்வாறே: 'பெர்னாண்டெஸ்' என்றால் பெர்னாண்டோவின் மகன், இன்று மகளும் பெர்னாண்டெஸ்தான்.

எல்லாவற்றினும் நெடுந்தூரம் சென்ற பெயர் 'மெர்சிடிஸ்'. இரக்கங்கள் என்பது பொருள். சிறைப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்பதற்கென 1218இற் பார்சலோனாவிலே தோன்றிய துறவியர் சபை இரக்கத்தின் மாதாவைப் போற்றியது. அம்மாதாவின் பெயரே பெண்களுக்கும் ஆயிற்று. பல நூற்றாண்டுகளின் பின், வியன்னா நகரத்து யூத மதகுரு ஒருவரின் புதல்வரான எமில் ஜெலினெக் தம் மகளைச் செல்லமாய் அழைத்ததும் அப்பெயராலேதான். மாதா வணக்கத்திற்கும் அவர் குடும்பத்திற்கும் என்ன தொடர்பு? அவர் விருப்பப்படி டைம்லர் நிறுவனத்தின் மோட்டார் வண்டிகளும் அப்பெயர் பெற்றன. 1902இல் அது வணிகக் குறியாகப் பதிவாயிற்று. மறுவருடம் ஜெலினெக் தமது குடும்பப் பெயரோடும் மெர்சிடிஸ் என்பதை இணைத்துக்கொண்டார். மகளின் செல்லப் பெயரைத் தந்தையே சூடிக்கொண்டார்!