முதலில் டேங்கைத் திறந்து பாருங்கள்



வளைகுடா நாடுகளில் லாரி, டிராக்டர், ஜெனரேட்டர் என ஏதேனும் ஒரு டீசல் எஞ்சினோடு உழைக்கிறவர்கள் உங்களுள் பலர். முதன்மையாக அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்களும் பொறுமையோடு வாசியுங்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. அழுத்தத்தால் கடுஞ்சூடேறிய காற்றுக்குள் எரிபொருளை உரிய கணத்தில், உரிய அளவில் பீய்ச்ச ஒரு பம்ப் வேண்டும். ருடால்ஃப் டீசல் தம் தொடக்ககால எஞ்சின்களில் அதற்கு அழுத்தக் காற்றையே நம்பினார். அதற்கான கம்ப்ரசரைச் சுமந்துகொண்டு லாரி ஓடுவது எங்ஙனம்? ராபர்ட் பாஷ் 1922-இல் தொடங்கிய முயற்சி 1927-இல் தொடர் உற்பத்தியாகக் கனிந்தது. 1951-இல் தொடங்கப்பட்ட மைக்கோ வழியாக அந்தப் பம்ப் நம் ஊர் லாரிகளுக்கும் வந்தது.

அதனுள் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளஞ்சர் உண்டு. பிளஞ்சருக்கும் அது ஏறியிறங்கும் உருளைக்கும் உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் இரண்டு மூன்று கூறுதான். அங்கே டீசலே மசகு. தண்ணீர் கலந்த டீசலோடு மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் துரு பிடித்து இறுகிவிடும்.

அல் ஐன் புறத்தே ஒரு பேரீச்சம் பண்ணையில் கடந்த கோடையில் நேர்ந்தது இதுதான். தண்ணீர் சுமக்கும் பழைய மெர்சிடஸ் 1113, பண்ணை எல்லைக்குள் மட்டும் ஓடுவது. அதன் ஓட்டுநர் இராமநாதபுரத்துக்காரர். நான்கு மாத விடுப்பு முடிந்து திரும்பியிருந்தார். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. ஆடுகளுக்கும் இளங்கன்றுகளுக்கும் வாடகை டேங்கரில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "பம்புக்கு ஆகும் காசைச் சம்பளத்தில் பிடிப்பார்களோ, ஃபாதர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சனாயாவிலிருந்து நாமக்கல் மெக்கானிக் ஒருவர் வந்தார். ஊரில் டாடா லாரிகளில் கைபழகியவர். டாடாவும் மெர்சிடஸும் 1954 முதல் 1969 வரை கூட்டாளிகள். இந்த லாரியின் எஞ்சினும் டாடாவின் 697 எஞ்சினும் ஏறத்தாழ உடன்பிறப்புகள். அவருக்கு எதுவும் புதிதாக இல்லை.

கை பம்பை அழுத்தினார். பம்ப் வரை டீசல் வந்தது. நாசில் குழாய்களின் நட்டுகளைத் தளர்த்தி எஞ்சினைச் சுற்றச் செய்தார்; ஒரு சொட்டும் இல்லை. ஆக்ஸிலரேட்டர் நெம்புகோல் மட்டும் தாராளமாக அசைந்தது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள் என்றார். நெம்புகோலுக்கும் உள்ளேயுள்ள ரேக்குக்கும் நடுவே கவர்னரின் ஸ்பிரிங் இருக்கிறது. ரேக் இறுகிக் கிடந்தாலும் வெளியே அசைவு தெரியும். பக்கவாட்டு மூடியைக் கழற்றியபோது நான்காம் பிளஞ்சர் துருவோடு ஒட்டியிருந்தது.

தட்டி விடுவித்து இன்றே ஓட்டலாமே என்று ஓட்டுநர் கெஞ்சினார். மெக்கானிக் இணங்கவில்லை. அரைகுறையாக விடுபட்ட ரேக், முழு எரிபொருள் தரும் நிலையில் மீண்டும் மாட்டிக்கொண்டால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும்; நிறுத்தும் கம்பியை இழுத்தாலும் நிற்காது. அப்போது காற்று நுழையும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையால் அன்று, துணியாலும் அன்று. அவர் அப்படியொரு பலகையைத் தம் வண்டியிலேயே வைத்திருக்கிறார்.

ஆகவே பம்பையே மாற்றுவதென முடிவாயிற்று. சனாயாவில் ஒரு கடையில், பெஞ்சில் ஏற்றி அளவு சரிபார்த்த பழைய பம்ப் கிடைத்தது. முதல் சிலிண்டரை அழுத்த நிலைக்குக் கொண்டுவந்து, குறிகளைப் பொருத்திப் பூட்டினார். பிறகு முதல் குழாயின் வாயில் சொட்டு நிற்கும் கணத்தைப் பார்த்து டைமிங்கைத் திருத்தினார். அந்த அரைமணி நேரம் ஒருவரும் பேசவில்லை.

ஆனால் அதற்கு முன்பே, டேங்கின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்திருந்தார். மேலே டீசல், கீழே நான்கு விரற்கடை தண்ணீர், அடியில் பழுப்பு வண்டல். பாதி காலியாய் நின்ற டேங்கின் உட்சுவர் இரவுதோறும் வியர்த்திருக்கிறது. மூடியின் ரப்பரும் போய்விட்டிருந்தது. இதைக் கழுவாமல் பூட்டினால் வந்த பம்பும் இதே வழிதான் போகும் என்று சொல்லி, பாட்டிலை அர்பாபின் கையில் கொடுத்தார். அவர் அதை வெயிலுக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். ஓட்டுநரை ஒன்றும் கேட்கவில்லை.

பம்புக்கான பணத்தை அர்பாபே கொடுத்தார். ஃபில்டர்களுக்கான காசு மட்டும் ஓட்டுநரின் பையிலிருந்து போயிற்று என்பதைப் பின்னர் அறிந்தேன். சிறு தொகைதான், எனினும் எனக்கு உறுத்துகிறது.

இப்போது அவர் லாரியை நிறுத்தும்போது டேங்கை நிரப்பியே நிறுத்துகிறார். வாரம் ஒருமுறை அடித்திருகைத் தளர்த்தி, பாட்டிலில் பிடித்து, படமெடுத்து, தேதியோடு அர்பாபுக்கு அனுப்பிவிடுகிறார்.