ஆக்கியோன் பெயரும் ஆய்வறமும்

ஆய்வுக் கட்டுரையொன்றைக் கையில் எடுக்கும் நாம் அதன் தலைப்பையும் தலைப்பின் கீழுள்ள பெயரையும் நோக்கிவிட்டுப் பொருளினுட் புகுகின்றோம். அப்பெயர் அங்கு எவ்வாறு வந்தது என வினவுவது எமது வழக்கமன்று. ஆயினும் ஆய்வறம் பற்றிப் பேசுவோர் முதலிற் கேட்க வேண்டிய வினா அதுவே என்பது என் எண்ணம்.

இவ்வெண்ணம் நூல்களிலிருந்து மட்டும் தோன்றியதன்று. என் சக மாணவனொருவன் ஓர் ஆய்வுக்காக இரண்டு மாதங்கள் வினாக்கொத்துக்களைச் சுமந்து வீடுவீடாகச் சென்றான். விடைகளைத் தொகுத்து அட்டவணைப்படுத்தியவனும், அவற்றிலே தென்பட்ட முரண்பாடொன்றைச் சுட்டிக்காட்டியவனும் அவனே. கட்டுரையின் மைய வாதம் அம்முரண்பாட்டிலிருந்தே பிறந்தது. கட்டுரை அச்சில் வந்தபோது அதில் இருவரின் பெயர்கள் இருந்தன. அவன் பெயர் இல்லை. களப்பணியில் உதவிய மாணவர்களுக்கு நன்றி என ஈற்றில் ஒரு வரி மட்டும் இருந்தது. அவன் முறையிடவில்லை. நாளை தனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவரிடம் எவர்தாம் முறையிடுவர்?

இவ்விடத்திலே ஜொசலின் பெல்லின் வரலாறு நினைவுகூரத்தக்கது. கேம்பிறிட்ஜில் கலாநிதிப் பட்ட ஆய்வு மாணவியாயிருந்த அவர், நான்கரை ஏக்கர் பரப்பில் அமைந்த வானொலித் தொலைநோக்கியைக் கட்டும் பணியிற் பங்குகொண்டார். அதன் பதிவுத் தாள்களைத் தாமே ஆராய்ந்து வந்தபோது, 1967இல், ஏறக்குறைய 400 அடி நீளத் தாளில் அரை அங்குலமும் கொள்ளாத ஒரு குறியை ஐயுற்று நோக்கினார். அதுவே துடிவிண்மீன்களின் கண்டுபிடிப்புக்கு வித்தாயிற்று. 1968இல் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையில் ஐவரின் பெயர்கள் இருந்தன. மேற்பார்வையாளர் அந்தனி ஹியூவிஷின் பெயர் முதலாவது. பெல்லின் பெயர் இரண்டாவது. 1974ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசோ ஹியூவிஷுக்கும் மார்ட்டின் றைலுக்கும் வழங்கப்பட்டது. மறு ஆண்டில் வானியலாளர் பிரெட் ஹொயில் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார்.

பெல் தாம் இதற்காகக் குறைபட்டுக்கொள்ளவில்லை. ஆய்வின் வெற்றி தோல்விகளுக்கு இறுதிப் பொறுப்பு மேற்பார்வையாளருடையதே என்று 1977இல் அவர் வாதிட்டார். 2018இல் தமக்குக் கிடைத்த 30 இலட்சம் டொலர் பரிசையும், வாய்ப்புக் குன்றிய பிரிவினரிலிருந்து வரும் பௌதிகவியல் ஆய்வு மாணவருக்கென அளித்தார். அவரது பெருந்தன்மை போற்றற்குரியது. ஆனால், ஒருவரின் பெருந்தன்மை ஒரு நியதியாகிவிடாது. மேலும், பெல்லின் பெயர் கட்டுரையில் இருந்தது. அது அங்கு இருந்தமையாலேயே பரிசு பற்றி உலகம் வினவ முடிந்தது. என் நண்பனின் உழைப்பைப் பற்றி வினவுதற்கு எவருக்கும் தடயமில்லை.

மருத்துவச் சஞ்சிகைகளின் ஆசிரியர்களைக் கொண்ட சர்வதேசக் குழு 1985 முதல் இதற்கு விதிகள் வகுத்து வந்துள்ளது. நிதி பெற்றுத் தருவதோ பொதுவாக மேற்பார்வை செய்வதோ மட்டும் ஒருவரை ஆசிரியராக்காது என்பது அவற்றின் சாரம். ஆய்வுக்குக் கணிசமாகப் பங்களித்தவரே, அதனை எழுதுவதிலும் பங்குகொண்டு, அதற்குப் பொறுப்பும் ஏற்று ஆசிரியராகலாம். பங்களித்தவருக்கு எழுத்திற் பங்குகொள்ளும் வாய்ப்பையே மறுத்துவிட்டு, அதனைக் காரணங்காட்டிப் பெயரை நீக்குவதும் அவ்விதிகளுக்கு முரணானது.

இச்சிந்தனை எமக்குப் புதியதன்று. சிறப்புப்பாயிரம் உணர்த்த வேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரை முதலாவதாகவும், நூல் வந்த வழியை இரண்டாவதாகவும் நன்னூல் வைத்துள்ளது. பெயரைச் சொல்பவர் வழியையும் சொல்லக் கடமைப்பட்டவர். அப்பாயிரம் செய்தற்குரிய நால்வருள் ஆசிரியரும் உளர், மாணாக்கரும் உளர் என்பது இன்னும் நோக்கத்தக்கது.

எனவே, ஓர் ஆய்வு தொடங்கும் நாளிலேயே யார் யாது செய்வர், யார் பெயர் எவ்விடத்தில் வரும் என்பன எழுத்தில் வரையறுக்கப்படல் வேண்டும். மாணவர் கேட்கத் தயங்கும் இவ்வினாவை விரிவுரையாளரே முதலில் எழுப்புவது தகும். எம் கடமையும் சிறிதன்று. நாட்டார் பாடலொன்றைப் பாடித்தந்த மூதாட்டியை 'தகவலாளி ஒருவர்' எனச் சுருக்கிவிட்டு, எமக்கு மாத்திரம் நீதி கோருதல் எங்ஙனம் பொருந்தும்? அவர் விரும்பின் அவர் பெயரும் எம் ஆய்வேட்டில் நிற்கட்டும்.