சேத்தூரிலிருந்து எழும்பூர் வரை

ராஜபாளையத்தை விட்டுத் தென்காசிச் சாலையில் தெற்கே செல்லும் யாத்ரிகருக்கு வலது கைப்புறம் மேற்கு மலைத்தொடர் கூடவே வந்துகொண்டிருக்கும். அதன் அடிவாரத்தில், கண்மாயும் வயலும் தென்னந்தோப்பும் சூழ இருப்பது சேத்தூர். முன்னாள் ஜமீன் ஸ்தலம். தமிழ்ப் புலவர்களை ஆதரித்த ஊர் என்ற கியாதியும் அதற்கு உண்டு. மலைவளமும் நீர்வளமும் வாய்த்த இவ்வூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிகள்தாம் வெகு தூரம்.

குழந்தைகள் விஷயத்தில் இந்தத் தூரம் சாமானியமானதன்று. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒரு நோயைப் பாருங்கள். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்கிறது. குழந்தை திடீரென்று வீறிட்டு அழும். கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்ளும். சற்று ஓய்ந்து மறுபடியும் அழும். பாட்டிமார், "உரம் விழுந்திருக்கிறது" என்று தீர்மானித்து விடுவார்கள். அல்ட்ராஸவுண்டு கருவியை வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தாலோ, வளையத்துக்குள் வளையமாகக் குடல் தெரியும். காலத்தில் கண்டுகொண்டால், ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ செலுத்தியே பெரும்பாலும் குடலை விடுவித்து விடலாம், கத்திக்கு வேலையில்லை. நேரம் கடந்தால் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுகத் தொடங்கும். அப்புறம் ரண சிகிச்சைதான்.

அந்தச் சிகிச்சையும் பெரியவர்களுக்குச் செய்வதன் சிறு பிரதியன்று. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் 250 மில்லிலிட்டர். ஒரு டம்ளர் அளவு! பெரியவர் உடம்பில் பொருட்படுத்தாத ரத்தச் சேதம் அங்கே உயிருக்கு உலை. சிசுவின் உடம்பு விரைவில் குளிர்ந்துவிடுமாதலால், ஆபரேஷன் அறையையும் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் வசதியுள்ள இடங்களில் ஒன்று, சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரி. ராஜபாளையத்தில் மாலையில் ரயிலேறினால் ஓர் இரவு முழுவதும் பிரயாணம். ராண்ட்ஜன் 1895-ல் எக்ஸ்-ரே கண்டார். 1971-ல் ஹவுன்ஸ்பீல்டின் ஸி.டி. யந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. குழந்தையின் உடம்பைக் கதிர் அதிகம் பாதிக்குமென்பதால், முடிந்தவரை அல்ட்ராஸவுண்டையே முதலில் நாடுகிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிர் கிடையாது, காந்த சக்திதான். ஆனால் நெடுநேரம் அசையாமல் கிடக்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! மயக்க மருந்து கொடுத்தே படுக்க வைக்கிறார்கள்.

2022-ல் விருதுநகரில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு இப்பக்கத்தாருக்குத் தூரம் ஓரளவு குறைந்திருக்கிறது. ஆயினும் அழுகிற குழந்தை பொழுது பார்த்து அழுவதில்லை. பேரூருக்குப் பேர் தரும் பெரிய யந்திரங்கள் வரட்டும். அவற்றுக்கு முன்னால், நள்ளிரவில் ராஜபாளையத்திலேயே அந்த வளையத்தைப் பார்த்து, "உரமல்ல, உடனே புறப்படுங்கள்" என்று சொல்ல ஒருவர் விழித்திருக்க வேண்டும்.