ஒரு பேரத்தில் இரு வியாபாரம்

பழைய பொருளுக்கு விலை சொல்வது எளிதன்று. புதிய பொருளுக்கு அதைச் செய்தவனே விலை எழுதி அனுப்பிவிடுகிறான். பழையதற்கு எழுதுவார் யார்? விற்பவன் தான் செய்த செலவை நினைக்கிறான். வாங்குபவன் இனித் தான் செய்யப்போகும் செலவை நினைக்கிறான். நியாய விலை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது.

நாம் வாழும் திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தையொட்டி மாட்டுச் சந்தை கூடுவது நெடுநாளைய வழக்கம். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்களை நம்மில் பலர் கண்டிருப்போம். பக்கத்தில் நிற்பவனுக்கு அவ்விலை தெரியாது; பேசும் இருவருக்கும் தெரியும். இன்று வாகனக் கடைகளில் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் 'எக்ஸ்சேஞ்சு' முறையிலோ, பேசும் இருவரில் ஒருவருக்கு மட்டுமே விலை தெரிகிறது!

அண்மையில், ஏழாண்டுகள் ஓடிய நமது ஸ்கூட்டரைக் கொடுத்துப் புதியது வாங்கக் கருதி ஒரு கடைக்குச் சென்றோம். "புது வண்டி ஒரு லட்சத்து ஐயாயிரம் பாய். உங்க பழைய வண்டிக்கு இருபத்திரண்டாயிரம் போட்டுக்கறோம், மிச்சம் எண்பத்து மூன்றாயிரம் கட்டுங்க" என்றனர். கேட்கக் குளிர்ச்சியாகவே இருந்தது. "பழைய வண்டி இல்லாமல் ரொக்கமாக வாங்கினால் என்ன விலை?" என்று கேட்டோம். சற்றே தயங்கி, "தள்ளுபடி போகத் தொண்ணூற்றொன்பதாயிரம்" என்றனர். அப்படியானால் நமது வண்டிக்கு அவர்கள் மெய்யாகத் தந்த விலை 16,000 ரூபாய்தான். மீதி 6,000 எவருக்கும் கிடைக்கும் தள்ளுபடி. அது நமது வண்டியின் விலைபோல் வேடமிட்டு வந்தது.

ஒரே வியாபாரத்தில் இரு வியாபாரங்களைச் செய்வதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸ் உண்டு. நீ உன் பொருளை இன்ன விலைக்கு எனக்கு விற்றால்தான் நான் என் வீட்டை இன்ன விலைக்கு உனக்கு விற்பேன் எனப் பிணைப்பது அதில் அடங்கும் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் விளக்கங்களுள் ஒன்று. இரு விலைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் எதன் விலை எது என்பது மறைந்துபோகும் அன்றோ? நாம் இங்கே ஃபத்வா கூற முன்வரவில்லை. அது உலமாப் பெருமக்களின் பணி. அவ்விளக்கத்திலுள்ள உலக ஞானத்தையே சுட்டுகிறோம். இரு விலைகளையும் தனித்தனியே கேளுங்கள். பிறகு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே எதிர்கொண்டு சரக்கை வாங்குவதையும் நபிகளார் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவன் சந்தையை அடைந்தபின் அவ்வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம். அவன் சந்தை விலை அறியாதவன் என்பதே காரணம். வாகனக் கடையில் நமக்கு அந்த உரிமையை எவரும் தரப்போவதில்லை. ஆகவே விற்பதற்கு முன்பே நாம் சந்தையை அடைந்துவிட வேண்டும்.

எப்படி? பழகிய மெக்கானிக் ஒருவரிடமும், பழைய வண்டி விற்கும் இரண்டு மூன்று கடைகளிலும் விலை கேட்கலாம். காப்பீட்டுப் பத்திரத்தில் ஒரு மதிப்பு இருக்கும். அது முதல் ஆறு மாதத்திற்கு 5 விழுக்காடும், ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடும் கழித்துக் கணக்கிடப்படுவது. சந்தை விலையன்று, ஓர் அளவுகோல் மட்டுமே. சென்ற ஆண்டு அண்டை வீட்டார் விற்ற விலையும் இன்றைக்குப் பொருந்தாது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. வரி 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் உடன் இறங்குவது இயல்பு.

நமது ஸ்கூட்டரைச் செங்கம் சாலைப் பக்கத்துப் பால்காரத் தம்பி ஒருவர் 20,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். முன் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிவதை நாமே காட்டினோம். அதற்காக அவர் 1,000 குறைத்தார், நாம் இசைந்தோம். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே பரப்பி விற்றவனை நபிகளார் கண்டித்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், கசிவைத் துணியால் துடைத்து விற்பது தகுமா?

பணம் கைக்கு வந்ததோடு வேலை முடிந்துவிடாது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். விபத்து இழப்பீடு அவரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துள்ளது. எனவே படிவம் 29, 30 ஆகியவற்றை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள். விற்றவர் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வணிகரிடம் ஒப்படைத்தால், 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்த விதிப்படி படிவம் 29சி மூலம் அறிவிக்கச் செய்யுங்கள். அதன்பின் பொறுப்பு அவருடையது. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான காப்பீட்டுச் சலுகையும் வண்டிக்குரியதன்று, உங்களுக்குரியது. அதைக் கேட்டுப் பெற்றுப் புதிய வண்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஜாபிர் (ரலி) அவர்கள் பயணமொன்றில் களைத்துப்போன ஒட்டகத்தோடு பின்தங்கி வந்தார்கள். அதை நபிகளார் விலைக்குக் கேட்டார்கள். பேரம் ஓர் ஊக்கியாவில் முடிந்தது. மதீனா வரை ஏறிச் செல்ல ஜாபிர் நிபந்தனையும் விதித்தார். ஊர் சேர்ந்ததும் விலையைச் சற்றுக் கூடுதலாகவே நிறுத்துக் கொடுக்கச் செய்து, ஒட்டகத்தையும் அவருக்கே திருப்பி அளித்தார்கள் பெருமானார். விலை வேறு, நிபந்தனை வேறு, கொடை வேறு என்று ஒவ்வொன்றும் அங்கே தனித்தனியே தெளிவாக நிற்பதைக் காண்க. கொடையை விலைக்குள் ஒளிப்பதும், விலையைத் தள்ளுபடிக்குள் ஒளிப்பதும் அந்த வழியல்ல.