நாக்குக்கு ஒரு வேலி

என் இளைய மகள் பாண் துண்டைக் கடித்தால் நடுவில் ஒரு கீற்று அறுபடாமல் நிற்கும். கடைவாயை இறுக மூடினாலும் மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் சந்திப்பதில்லை. இடையே ஒரு பென்சில் நுழையும். பல் வைத்தியர்கள் இதைத் ‘திறந்த கடி’ என்கிறார்கள்.

எங்களை அதிகம் வருத்தியது அவளுடைய ஓதல்தான். ஓதப் பள்ளியில் ‘ஸீன்’ எழுத்து வரும்போதெல்லாம் நாக்கின் நுனி அந்த இடைவெளியால் எட்டிப் பார்க்கும். அரபியில் ‘இஸ்ம்’ என்றால் பெயர்; ‘இத்ம்’ என்றால் பாவம். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எட்டு வயதுப் பிள்ளை சத்தமாக ஓதுவதையே நிறுத்திவிட்டாள்.

“வாப்பா வழி வாய், தானாகச் சரியாகும்” என்றார் உம்மம்மா. “குமரானதும் தாடையை வெட்டித்தான் சரி செய்ய வேண்டும்” என்று பயங்காட்டினார் பக்கத்து வீட்டு மாமி. பாடசாலையில் பல் பார்க்கும் மிஸ் மட்டும், “பிள்ளை கை சூப்புகிறதா?” என்று கேட்டார். ஆம், உறங்கும்போதெல்லாம்.

சுபஹ் தொழுத கையோடு தெரணியகலையில் பஸ் ஏறி, அவிசாவளையில் மாறி, ஹைலெவல் வீதியால் கொழும்பு வோர்ட் பிளேஸ் பல் வைத்தியசாலைக்குப் போனோம். அங்கே வைத்தியர் விளக்கியது என் மனதில் பதிந்துவிட்டது. பல்லை நகர்த்துவது பலமல்ல, நேரம். மணிக்கணக்கில் வாயில் கிடக்கும் விரல் முன்பற்களை வளரவிடாமல் தடுக்கிறது. விரல் போனபின் அந்த இடைவெளியில் நாக்கு குடியேறிவிடும். மூக்கடைப்பால் வாயால் மூச்சு விடும் பிள்ளைகளுக்கும் இது வரலாம். அவர்களை முதலில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்ட வேண்டுமாம்.

மகளுக்குக் கத்தி படவில்லை. மேல் கடைவாய்ப் பற்கள் இரண்டில் வளையம் மாட்டி, முன்பற்களுக்குப் பின்னால் கம்பியால் ஒரு சிறு வேலி கட்டினார்கள். விரல் வைத்தால் சுகமிருக்காது. நாக்கும் பின்னுக்கு நிற்கும். முதல் வாரம் பெரும்பாடு! எச்சில் வடிந்தது, சோறு சிக்கியது, பேச்சு இன்னும் குழறியது. கழற்றச் சொல்லி அழுதாள். கஞ்சியும் கதையுமாகச் சமாளித்தோம். இரண்டாம் வாரம் வேலியை மறந்தே போனாள்.

கூடவே ஒரு பயிற்சி. நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னாலுள்ள மேட்டில் வைத்து, கடைவாயை மூடி, உதட்டைச் சுளிக்காமல் விழுங்க வேண்டும். வளரும் வயதல்லவா, தடை நீங்கியதும் பற்கள் மெல்ல மெல்லத் தாமாகவே இறங்கின, அல்ஹம்துலில்லாஹ்.

வளர்ந்தவர்களுக்கு இவ்வளவு லேசில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தாடை வெட்ட வேண்டியதில்லை. 1999இல் ஜப்பானிய வைத்தியர்கள், தாடை எலும்பில் சிறிய டைட்டேனியத் தகடு பதித்து, அதைப் பிடிமானமாக்கிக் கடைவாய்ப் பற்களை உள்ளே அமிழ்த்தும் முறையை வெளியிட்டார்கள். பின்னால் சிறிது அமிழ்ந்தால் தாடை சுழன்று முன்பக்கம் மூடிக்கொள்ளும். இன்று சிறு திருகாணிகளாலும் அதைச் செய்கிறார்கள். எலும்பின் அமைப்பே மிகவும் கோணலாக இருந்தால்தான் சத்திர சிகிச்சை.

வேலியைக் கழற்றிய நாளில் வைத்தியர், நாக்கு பழைய இடத்துக்குத் திரும்பினால் பல்லும் திரும்பும் என்று எச்சரித்தார். ஆகவே மஃரிபுக்குப் பின் ஓத உட்காருமுன், கண்ணாடி முன்னால் பத்துத் தடவை விழுங்கும் பயிற்சி இன்னும் நடக்கிறது. எண்ணுவது அவளுடைய நானா. சில நாள் எட்டோடு விட்டுவிடுகிறான், அவள் விடுவதில்லை.